சிரிக்க வைத்தவர் தட்டிய கதவு

ஆகஸ்டுத் திங்கள் ஐந்தாம் நாள் என்றால் தூத்துக்குடி மக்களுக்கு வேறு நினைவே இராது. பனிமய அன்னையின் திருநாள் அது. முத்துக்குளித்துறை மக்கள் எங்கு வாழ்ந்தாலும், கொழும்பிலாயினும் சென்னையிலாயினும், அன்று அவர்தம் உள்ளம் அன்னையின் ஆலயத்தை நோக்கியே செல்லும். 1982-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலைக்கு உயர்த்திய ஆலயம் அது.

1927-ஆம் ஆண்டு, அதே ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், அந்நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாள்களிலேயே கடுமையான காய்ச்சல். குழந்தை பிழைக்குமோ என்று பெற்றோர் கலங்கினர். பிழைத்தது. அன்னை தந்த பிள்ளை என்று எண்ணி, அவள் திருப்பெயரையே குழந்தையின் பெயரோடு சேர்த்தனர். ஜோசப் பனிமயதாசன் என்பது அக்குழந்தையின் பெயர். பனிமயத் தாயின் அடியான் என்பது பொருள்.

தமிழகம் அவரை அப்பெயரால் அறியாது. ஜே. பி. சந்திரபாபு என்றால்தான் அறியும். அந்த இரண்டு முதலெழுத்துகளுக்குள் புனித சூசையப்பரும் பனிமய அன்னையும் அமர்ந்திருப்பதை அவருடைய பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் அறிவர்?

குடும்ப இதழில் ஒரு திரைப்பட நகைச்சுவை நடிகரைப் பற்றிப் பங்குக் குருவானவர் ஒருவர் எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். எழுதலாம் என்பது மட்டுமன்று, எழுத வேண்டும் என்றே எண்ணுகிறேன். ஏனெனில், சந்திரபாபுவின் வாழ்க்கை நம் இல்லங்களுக்கும் பங்குகளுக்கும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. நம்மைச் சிரிக்க வைப்பவர் அழுதால், அதைக் கேட்க நமக்குக் காது உண்டா என்பதே அக்கேள்வி.

கொழும்பும் திருவல்லிக்கேணியும்

எங்கள் சிற்றூரில், என் இளமை நாள்களில், வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி ஒலித்துக்கொண்டிருக்கும். சந்திரபாபு மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அவர் குரல் நாள்தோறும் காற்றில் வந்தது. பாடிக்கொண்டே வருபவர் திடீரென்று குரலை உடைத்து, மலைமேல் நின்று மறுமலையை அழைப்பவர்போல் மேலே ஏற்றி இறக்குவார். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்கள் பாடும் 'யோடலிங்' முறை அது என்பதும், அதைத் தமிழ்த் திரைக்குக் கொண்டு வந்தவர் அவரே என்பதும் பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தன. என் பாட்டிக்கு அந்த நுணுக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "அந்தப் பிள்ளை நம்ம வேதக்காரப் பிள்ளை" என்று அவர் பெருமையோடு சொல்வார். சொல்லி முடித்ததும், "பாவம்" என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார். அந்தப் 'பாவம்' ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

சந்திரபாபுவின் தந்தையார் ரோட்ரிகஸ் விடுதலைப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்னும் இதழை நடத்தியவர். ஆங்கில அரசு இதழைப் பறித்தது, அவரைச் சிறையிலிட்டது, பின்னர் நாட்டை விட்டும் வெளியேற்றியது. குடும்பம் கொழும்புக்குச் சென்றது. மகன் அந்நகரத்துக் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் பயின்றார். மேலைநாட்டு இசையும் ஆடலும் அந்தத் துறைமுக நகரில்தான் அவரைப் பற்றிக்கொண்டன. 1943-இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தை 'தினமணி' நாளிதழில் பணியேற்றார். மகனோ திரைப்படக் கூடங்களின் வாயில்களில் நிற்கத் தொடங்கினார்.

தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த அவர், சென்னைத் தெருவின் பேச்சை அச்சு அசலாகப் பேசிக் காட்டினார். 'சபாஷ் மீனா' (1958) படத்தில் இரட்டை வேடம் தாங்கிய அவர், ரிக்‌ஷா இழுப்பவராகப் பேசிய பேச்சைக் கேட்டோர் அவரைச் சென்னையிலேயே பிறந்தவர் என்று எண்ணினர். வேற்றூரான் ஒருவன் ஓர் ஊரின் பேச்சை இவ்வளவு நுட்பமாகக் கற்க வேண்டுமானால், அவ்வூர் ஏழை மக்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் பேசுவதை அன்போடு கேட்டிருக்க வேண்டுமன்றோ? பிறர் பேச்சைக் கேட்கத் தெரிந்தவனே பிறரைச் சிரிக்க வைக்க வல்லவன்.

மூடிய கதவு

1947-இல் 'தன அமராவதி' என்னும் படத்தில் அவருக்கு முதல் வாய்ப்பு வந்தது. அதன் பின்னர் ஐந்து ஆண்டுகள் அலைச்சல். சிறு வேடங்கள் வந்தன. பசியும் வந்தது. பெரிய நிறுவனமான ஜெமினியில் நுழைய வேண்டும் என்று அவர் பலமுறை முயன்றார். கதவு திறக்கவில்லை. 1952-இல், உள்ளம் உடைந்த நிலையில், அந்நிறுவன வளாகத்திலேயே தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள முனைந்தார். அவர் வயது அப்போது 25 கூட நிறையவில்லை. நல்லவேளையாக உடனிருந்தோர் காப்பாற்றினர்.

உயிர் பிழைத்தவரைச் சட்டம் விடவில்லை. தற்கொலை முயற்சி அந்நாளில் தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றத்தில் அவர் நிறுத்தப்பட்டார். அங்கு நடந்ததாக ஒரு செய்தியை இன்றும் சொல்வர். நீதிபதியின் முன் அவர் தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டாராம். நான் சுட்டுக்கொண்டதை நீங்கள் காண முடியும், அந்தச் சூட்டை உணர உங்களால் முடியுமா, என் துயரமும் அத்தகையதே என்னும் பொருள்படப் பேசினாராம். பின்னர் அதே ஜெமினி நிறுவனத்தின் 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

இந்த இடத்தில் குருவானவன் என்ற முறையில் என் சிந்தனை சற்றே நிற்கிறது. அந்த 1952-இல் அவர் இறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்று நடைமுறையில் இருந்தது 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. அதன் 1240-ஆம் விதி, தெளிந்த அறிவோடு தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு, இறக்குமுன் மனம் வருந்திய அடையாளம் இல்லையெனில், திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. பனிமய அன்னைக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் ஓர் ஆறடி இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. இத்தகைய மரணம் நேர்ந்த வீடுகளில் பெற்ற தாய் இருமுறை அழுதாள். பிள்ளை போயிற்றே என்று ஒருமுறை. கோயில் மணி அடிக்கவில்லையே என்று மற்றொருமுறை.

திருச்சபை தாய் அல்லவா? தாய் மேலும் மேலும் புரிந்துகொள்கிறாள். 1983-இல் வெளிவந்த புதிய சட்டத் தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் வரிசையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, உயிர் இறைவனுடையது, அதை முடிக்க நமக்கு உரிமையில்லை என்ற உண்மையைச் சிறிதும் தளர்த்தவில்லை. ஆயினும், கடும் மனநோயும் பேரச்சமும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று ஏற்கிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கையிழக்கலாகாது என்றும், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனமாற்ற வாய்ப்பை அளிக்க வல்லவர் என்றும் அது கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது.

நாட்டின் சட்டமும் அதே வழியில் நடந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று கூறியது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், சந்திரபாபுவைக் கூண்டில் ஏற்றிய பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு அந்த இளைஞர் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்விக்கு மறுமொழி வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஏற்றமும் இறக்கமும்

1950-களின் பிற்பாதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் அவர் கொடி பறந்தது. 'மணமகன் தேவை' (1957), 'நாடோடி மன்னன்' (1958), 'சகோதரி' (1959), 'அன்னை' (1962), 'போலீஸ்காரன் மகள்' (1962) எனப் படங்கள் தொடர்ந்தன. அவருடைய நகைச்சுவையில் நான் வியக்கும் பண்பு ஒன்று உண்டு. அவர் பிறரை வீழ்த்திச் சிரிக்க வைக்கவில்லை. தாமே வீழ்ந்து சிரிக்க வைத்தார். அவருடைய எலும்புகள் ரப்பரால் ஆனவையோ என்று ஐயுறும்படி வளைந்தார், வழுக்கினார், உருண்டார். மற்றவர் மானத்தை அவர் விலையாகக் கேட்கவில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணும்போது நகையை முதலில் வைத்து, அழுகையை அதற்கு அடுத்த இடத்தில் வைக்கிறது. நகை பிறக்கும் களங்கள் நான்கு என்றும் வகுக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவை அவை. இவற்றுள் எள்ளல் எளிது, எவனும் செய்யலாம். பேதையாகத் தன்னைக் காட்டிக்கொண்டு பிறரை மகிழ்விப்பதற்குத் தாழ்ச்சி வேண்டும். நம் இல்லங்களில் இன்று கேட்கும் கேலிகள் எந்த வகை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

1965-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் படைவீரர்களை மகிழ்விக்கத் திரைக்கலைஞர்கள் சென்றபோது அவரும் சென்றார். குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் முன்னிலையில் பாடினார் என்றும், தலைவர் தம் பாடலைச் சுவைத்ததைக் கண்டு மகிழ்ச்சி தாளாமல் பேரப்பிள்ளைபோல் அவர் மடியிலேயே அமர்ந்துவிட்டார் என்றும் சொல்வர். உலகம் முறை பார்க்கும். குழந்தை உள்ளம் முறை பார்க்காது.

ஆனால் வாழ்வு அந்தக் குழந்தையிடம் முறை பார்த்தது. 1958-இல் தொடங்கிய இல்லறம் மலருமுன் முறிந்தது. மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். அவர்களைக் கொண்டு அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' என்னும் படம் பாதியில் நின்றது. கடன் ஏறியது, ஆசையோடு கட்டிய வீடு கைவிட்டுப் போயிற்று. மது அவரைப் பற்றிக்கொண்டது. வெளிப்படையாகப் பேசுகிறவர், சொல்லைப் பொதியாதவர், ஆகவே பகையும் வளர்ந்தது. 1974 மார்ச் 8-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். வயது 46. சாந்தோமை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில், மந்திரித்த மண்ணிலேயே, அவர் உறங்குகிறார்.

அவர் இயக்கிய படத்தின் பெயரைக் கேளுங்கள். 1966-இல் வெளிவந்த அப்படத்துக்கு அவர் இட்ட பெயர் 'தட்டுங்கள் திறக்கப்படும்'. மலைப்பொழிவில் நம் ஆண்டவர் அளித்த வாக்குறுதி! சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட சொல் அவர் நெஞ்சில் எங்கோ கிடந்திருக்க வேண்டும். தட்டித் தட்டிக் கை நொந்த ஒரு மனிதர் அச்சொல்லைத் தம் படத்துக்குப் பெயராக இட்டார். அப்படம் அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தரவில்லை.

நகைப்பைப் படைத்தவரும் இறைவனே

திருச்சபை சிரிப்பை வெறுக்கிறது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. விவிலியத்தைத் திறந்து பாருங்கள். முதுமையில் மகப்பேறு என்ற செய்தி கேட்டுச் சாரா கூடாரத்துக்குள் நகைத்தாள். பிறந்த குழந்தைக்கு ஈசாக்கு என்றே பெயராயிற்று. அப்பெயருக்கு 'நகைக்கிறான்' என்பது பொருள். இறைவனின் வாக்குறுதி சிரிப்பையே பெயராகத் தாங்கி வளர்ந்தது! நம் ஆண்டவரும் ஊசிக்காதில் நுழையப் பார்க்கும் ஒட்டகத்தையும், தன் கண்ணில் மரக்கட்டையை வைத்துக்கொண்டு பிறர் கண்ணில் துரும்பு தேடுபவனையும் சித்திரித்தபோது, கேட்ட மக்கள் முகத்தைச் சுளித்தா நின்றிருப்பர்? வாய்விட்டுச் சிரித்திருப்பர் என்றே நான் நம்புகிறேன்.

புனித பிலிப் நேரி (1515–1595) உரோமை நகர இளைஞரை நகைச்சுவையாலேயே இறைவனிடம் ஈர்த்தார். புனித தாமஸ் மூர் 1535-இல் கொலைமேடை ஏறும்போதும் நகைச்சுவையை இழக்கவில்லை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1975-இல் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றியே தனி மடல் எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் 14-ஆம் நாள், உலகின் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்து வரவேற்றார். மேடையில் தனியே நின்று பேசிச் சிரிக்க வைப்போரும், தொலைக்காட்சியில் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சி நடத்துவோரும் அவர்களுள் இருந்தனர். நாம் அன்பு செய்வோரிடம் விளையாட்டாகப் பேசுவதுபோல் கடவுளைக் குறித்தும் சிரிக்கலாம், ஆனால் எளியோரின் விசுவாச உணர்வைப் புண்படுத்தலாகாது என்று அவர்களுக்குக் கூறினார். நகைச்சுவை உணர்வு வேண்டிப் புனித தாமஸ் மூரின் பெயரால் வழங்கும் செபத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் சொல்லி வருவதாகவும் தெரிவித்தார்.

அன்று அங்கு வந்திருந்தோரில் ஒருவர் அமெரிக்கரான ஸ்டீபன் கோல்பேர். கத்தோலிக்கர், ஞாயிறு மறைக்கல்வி கற்பித்தவர். பதினொரு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அவருடைய பத்தாம் வயதில், 1974 செப்டம்பர் 11 அன்று, விமான விபத்தில் தந்தையையும் இரு தமையன்மாரையும் ஒருசேர இழந்தார். நம் சந்திரபாபு மறைந்த அதே ஆண்டு. சிறுவனும் தாயும் தனித்திருந்த அந்த வீட்டில், தாயின் விசுவாசமே தம்மைக் கசந்துபோகாமல் காத்தது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். தம் துயரையும் உள்ளடக்கிய வாழ்வு முழுவதற்கும் நன்றி சொல்லக் கற்றதாகவும் கூறியிருக்கிறார்.

இருவருமே சிரிக்க வைத்தவர்கள். இருவருமே துயரை அறிந்தவர்கள். ஒருவருக்கு வீட்டிலேயே ஒரு கதவு திறந்திருந்தது. மற்றவர் தட்டிய கதவுகளில் பல மூடியே கிடந்தன. வேறுபாடு திறமையில் இல்லை. நகைப்பின் நடுவிலும் உள்ளம் துயருறக்கூடும் என்று நீதிமொழிகள் நூல் (14:13) மூவாயிரம் ஆண்டுப் பழமையான அறிவோடு நம்மை எச்சரிக்கிறது. நாம் அதை வாசிக்கிறோம். எதிரில் இருப்பவரிடம் பொருத்திப் பார்ப்பதில்லை.

கரிக்கு அடியில் நீர்

நெய்வேலியில் வாழ்வோருக்கு இதை விளக்க ஓர் உவமை கண்முன்னே இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி முதன்முதலில் வெளிப்பட்டது. கரியை எடுப்பதற்கு மேலே உள்ள மண்ணைப் பல பத்து மீட்டர் ஆழம் வெட்டி நீக்க வேண்டும். மாடி வீடுபோல் உயர்ந்த சக்கர எந்திரங்கள் அதைச் செய்கின்றன. பார்க்க வருவோர் அவற்றைக் கண்டு வியந்து திரும்புகின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத வேலை மற்றொன்று உண்டு. கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 6 முதல் 8 கிலோ அளவுக்கு அது மேல்நோக்கி முட்டுகிறது என்பர். மேலுள்ள மண்ணின் பாரம் நீங்கிய பின் அதை அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் பொங்கும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவென்றும் பகலென்றும் பாராமல் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றனர். தொடக்க காலப் பொறியாளர்களை உறங்கவிடாத சிக்கல் இதுவே. கரியும் ஒளியும் வேண்டுமானால் முதலில் அடியில் இருக்கும் நீருக்கு வழிவிட வேண்டும் என்பதை அவர்கள் கண்டனர். அவ்வாறு இறைத்த நீர் வீணாவதில்லை; குடியிருப்புக்கும் அனல்மின் நிலையத்துக்கும் அண்டை வயல்களுக்கும் பயன்படுகிறது.

மனிதரும் அப்படியே. வெளிச்சம் தருகிறவரின் அடியில் அழுத்தம் இருக்கும். இறைக்க வழி வேண்டும். வழி இருந்தால் அந்தக் கண்ணீரே பிறர் வயலுக்கு நீராகும். இரக்கமாகவும் ஆறுதலாகவும் பாயும். வழி இல்லையேல் தரை வெடிக்கும்.

எங்கள் பங்கில், சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். இரவு ஷிப்டில் உடன் பணியாற்றியவர்கள் தூங்கிவிடாதபடி கதை சொல்லிச் சிரிக்க வைத்தவர் என்று பெயர் பெற்றவர். பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் சந்திரபாபுவைப்போல் ஆடிக் காட்டுவார். சிறுவர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்ப்பர். மனைவியை இழந்த சில மாதங்களுக்குப் பின், ஒரு நாள் தேநீர்க் கடையில் நண்பர்களிடம், இனி இருந்து என்ன பயன் என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்துவிட்டனர். அதுவும் ஒரு வேடிக்கை என்று எண்ணினர். அவரும் வழக்கம்போல் உடன் சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பின் அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறாங்க. எனக்கு வலிக்குதுன்னு யார்கிட்டச் சொல்றது?" என்றார். அறிவுரை கூறும் நேரம் அதுவன்று. "ஐயா, உட்காருங்கள். எனக்கு வேறு வேலை இல்லை" என்றேன். நெடுநேரம் பேசினார், அதைவிட நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் சென்றோம். மருந்து தேவைப்பட்டது, மருத்துவர் அளித்தார். அவருடைய அன்பியத்தைச் சேர்ந்த குடும்பங்கள், வாரத்தில் ஒரு நாளேனும் இரவு உணவை அவரோடு உண்பதென்று தாமாகவே முறை வகுத்துக்கொண்டன. ஓராண்டு கடந்துவிட்டது. இப்போது, துணையை இழந்து தனித்திருக்கும் மற்றவர்கள் வீட்டுக்கு அவரே செல்கிறார். இறைத்த நீர் வயலுக்குப் பாய்கிறது.

நாம் செய்யக்கூடியவை

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு சந்திரபாபு இருக்கலாம். பள்ளியில் ஆசிரியரைப்போல் பேசிக் காட்டுகிறவன். பாடகர் குழுவில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவள். குடும்பச் சண்டை மூளும்போது ஒரு வேடிக்கை சொல்லி அடக்கிவிடும் மூத்த மருமகன். விஜய் தொலைக்காட்சியில் 2005-இல் 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சி தொடங்கிய பின், சிற்றூர்ப் பிள்ளைகள்கூட இக்கலையில் நுழைய ஒரு கதவு திறந்தது. எங்கள் இளைஞர் மன்றத்திலும் தனியாக மேடையேறிப் பேசிச் சிரிக்க வைக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். கோமாளித்தனம் என்று அவர்களை இகழாதீர்கள். அது இறைவன் அளித்த தாலந்து. மண்ணில் புதைக்கச் சொல்லி அவர் கொடுக்கவில்லை.

அதே வேளையில், அவர்களுடைய சிரிப்பை அவர்களுடைய நலத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். எப்போதும் சிரித்தவர் சில நாளாகச் சிரிக்காமல் இருந்தால் கவனியுங்கள். இயல்புக்கு மீறிச் சிரித்தாலும் கவனியுங்கள். உறக்கம் குறைதல், உணவை ஒதுக்குதல், குடிப்பழக்கம் மிகுதல், தமக்கு அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், தாம் பிறருக்குச் சுமை என்று பேசுதல் ஆகியவை கதவைத் தட்டும் ஓசைகள். வாழ்வு வெறுத்துவிட்டதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையில்லை என்று மனநல மருத்துவர்கள் கூறுகின்றனர். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி ஆறுதல்.

செபமாலை சொல்லுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். எலும்பு முறிந்தவனைச் செபத்தோடு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்கிறோமே, உள்ளம் முறிந்தவனை மட்டும் ஏன் மறைத்து வைக்கிறோம்? மைய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி-மானஸ்' என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். கோயில் அறிவிப்புப் பலகையில் திருப்பலி நேரங்களுக்குக் கீழே இந்த எண்ணையும் எழுதி வைக்குமாறு என் சகோதரக் குருக்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கோயிலில் எழுதியிருக்கிறோம்.

தட்டுங்கள், திறக்கப்படும் என்றார் ஆண்டவர். அவருடைய கதவு என்றும் திறந்தே இருக்கிறது, ஐயமில்லை. ஆனால், இவ்வுலகில் அவர் தம் கதவைத் திறப்பது பெரும்பாலும் நம் கைகளால்தான். நாம் எழுந்து தாழ்ப்பாளை நீக்காவிட்டால், வெளியே நிற்பவர் அந்த வாக்குறுதியையே ஐயுறக்கூடும். சொன்னவர் மீதா, திறக்காத நம் மீதா, குற்றம் யார் மீது?

நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைகளை மந்திரித்து நம் முன்னோருக்காகச் செபிக்கும்போது, குயிபிள் தீவில் உறங்கும் ஜோசப் பனிமயதாசனுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். சென்ற இரு தலைமுறைத் தமிழர்கள் அவருக்கு அந்த அளவேனும் கடன்பட்டிருக்கின்றனர். அதோடு நில்லாமல், இன்று இரவு உணவு வேளையில் உங்கள் வீட்டைச் சிரிக்க வைப்பவர் யாரோ அவரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எல்லாரும் சிரித்து முடித்த பின், பாத்திரங்களை எடுத்து வைக்கும் அந்த அமைதியான நேரத்தில், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவர் வேடிக்கையாக ஒரு மறுமொழி சொல்வார். சிரியுங்கள். சிரித்துவிட்டு, மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.